ஜவானின் மகள் எந்த மாநிலத்துப் பிள்ளை?

கலந்தாய்வுக் காலம் வந்துவிட்டது. விண்ணப்பக் குறிப்பில் அதே வரி இந்த ஆண்டும் மாறாமல் நிற்கிறது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5% உள்ஒதுக்கீட்டுக்கு இதுதான் நிபந்தனை. உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே ஏழு ஆண்டுக் கணக்குதான்.

இந்த இரண்டு திட்டங்களையும் நான் முழு மனதோடு ஆதரிப்பவன். 2020-ல் வந்த உள்ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லையென்றால், ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிப்போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை மூன்று இலக்கத்துக்கு ஏறியிருக்காது. என் கோபம் வேறு. ஏழு ஆண்டும் ஒரே மாநிலத்தில் படிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது, விதியை எழுதிய மேசையில் யாருக்குமே நினைவுக்கு வரவில்லையா?

எனக்குத் தெரிந்த ஒரு ஹவில்தாரின் குடும்பம் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. மகள் ஆறும் ஏழும் உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்தாள். அப்பாவுக்குப் பஞ்சாபின் பதான்கோட்டில் ‘பீஸ்’ போஸ்டிங் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தோடு இருக்கக் கிடைத்த வாய்ப்பு அது. கறுப்பு டிரங்க் பெட்டியில் பழைய ஊரின் பெயரை அழித்து, வெள்ளை பெயின்ட்டில் புதிய ஊரின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். எட்டும் ஒன்பதும் அங்கே கேந்திரிய வித்யாலயாவில். பிறகு அப்பாவுக்கு லடாக் பக்கம் ‘ஃபீல்டு’. அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. தாயும் மகளும் பாட்டி வீட்டுக்கே திரும்பினார்கள். பத்து முதல் பன்னிரண்டு வரை மறுபடி அரசுப் பள்ளி. ஆக, ஐந்து ஆண்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. அப்பாவோடு இருந்த அந்த இரண்டு ஆண்டுக்காக 7.5% இல்லை, ஆயிரம் ரூபாயும் இல்லை.

அதே தெருவில் இன்னொரு ஜவான் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு, ஆண்டுக்கு இரண்டு தடவை லீவில் வந்துபோகிறார். அவருடைய பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும். அப்பா முகம் பார்த்து வளராத பிள்ளைக்குச் சலுகை, அப்பாவோடு வாழ்ந்த பிள்ளைக்குத் தண்டனை. விதியின் பொருள் இதுதான். இதைவிடக் கொடுமையாக ஒரு சமூகநீதித் திட்டத்தைக் கோணலாக்க முடியாது.

படைவீரர்களின் பிள்ளைகள் பற்றிய அக்கறை இந்த நாட்டுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 1963-64 கல்வியாண்டில், ராணுவத்தினர் மிகுந்த ஊர்களில் நடந்துவந்த 20 ரெஜிமென்ட் பள்ளிகளை மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேல் பெருகியிருக்கும் கேந்திரிய வித்யாலயாக்களின் தொடக்கம் அதுதான். ஆனால் அங்கே தமிழ் முறையான பாடம் இல்லை. போதிய பிள்ளைகள் விரும்பிக் கேட்டால் ஒப்பந்த ஆசிரியர் ஒருவர் வரலாம், வராமலும் போகலாம். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் பள்ளியிலேயே இந்த நிலை என்றால், பதான்கோட்டில் கேட்க வேண்டுமா? அந்தப் பிள்ளை ஊர் திரும்பியதும், 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். தமிழ் கட்டாயம் என்பது சரி, மிகச் சரி. இரண்டு ஆண்டு விட்டுப்போன தமிழை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகளுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்றொரு நிறுவனத்தையே நடத்துகிறோம். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு நீளும் கை பதான்கோட்டுப் பிள்ளைக்கு ஏன் நீளவில்லை?

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே படைவீரரின் பிள்ளை பள்ளிப் பருவத்துக்குள் சராசரியாக 6 முதல் 9 முறை இடம் மாறுகிறது என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்கிறது. கல்வி அங்கேயும் மாநிலங்களின் கையில்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பாடத்திட்டம், ஒரு தேர்ச்சி விதி. 2008-ல் மாநிலங்கள் கூடி, படைவீரர் பிள்ளைகளுக்காகத் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சில ஆண்டுகளில் 50 மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. அதன்படி, பழைய பள்ளியின் சான்றுகள் கைக்கு வரும்வரை பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. தடுப்பூசி பாக்கியிருந்தால் 30 நாள் அவகாசம். ஒரு மாநிலத்தில் முடித்த பாடத்தை இன்னொரு மாநிலத்தில் மறுபடி படிக்கச் சொல்லக் கூடாது. கடைசி ஆண்டில் இடம் மாறிய மாணவர் புதிய மாநிலத்தின் விதிப்படி தேற வழியில்லாமல் போனால், பழைய மாநிலத்துப் பள்ளியே பள்ளியிறுதிச் சான்று தரும். அப்பா எந்த ஊருக்கு அனுப்பப்பட்டாலும் பிள்ளையின் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்பதை ஒரு நாடு இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது. எத்தனையோ வேண்டாத பழக்கங்களை அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொண்ட நாம், எடுத்துக்கொள்ள வேண்டிய இந்த ஒன்றை விட்டுவிட்டோம்.

மாறுதல் எல்லா மத்திய அரசு ஊழியர்களுக்கும்தானே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒருநாளும் ராணுவக் குவார்ட்டர்ஸ் பக்கம் போகாதவர்கள். மாறுதல் பிடிக்காத வங்கி அதிகாரி பதவி உயர்வை விட்டுக்கொடுத்து ஊரிலேயே இருக்கலாம். ஜவான் போக மாட்டேன் என்றால் ராணுவச் சட்டப்படி தண்டனை. ஊழியருக்குச் சங்கம் இருக்கிறது. ராணுவத்தினருக்குச் சங்கம் வைக்கும் உரிமையே கிடையாது; அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது கூறு தரும் அதிகாரத்தைக் கொண்டு நாடாளுமன்றம் அதைத் தடுத்துவைத்திருக்கிறது. கொடி பிடிக்க முடியாதவர்களின் பிள்ளைகளை மறப்பது அரசுகளுக்கு மிகச் சுலபம்.

முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். மருத்துவத்தில் அது மாநிலம் முழுவதற்கும் சில இடங்கள். அதைக் காட்டி வாயடைப்பது நேர்மையல்ல. ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளுக்கு அனுபவம் கூடும் என்று எழுதுபவர்கள் அதிகாரிகளின் பிள்ளைகளை மட்டுமே பார்த்தவர்கள்.

2025 மே 10 அன்று ராணுவத்துக்கு ஆதரவாகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் முதலமைச்சர் தலைமையில் பேரணி நடந்தது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டமும் வந்தது. நல்லது. ஓய்வுபெற்றவருக்குக் கடனும் மானியமும் தரத் தெரிந்த அரசுக்கு, பணியில் இருப்பவரின் பிள்ளை படித்த இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கத் தெரியாதா? மத்திய அரசோ இன்னும் மோசம். அக்னிவீரர்கள் தங்கள் நான்கு ஆண்டுப் பணிக்காலத்துக்குள் திருமணமே செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. குடும்பமே இல்லாத படைவீரன்தான் அதற்கு வசதி. நிரந்தரமாகும் 25 சதவீதத்தினர் நாளை தகப்பன்களாகும்போது இதே விண்ணப்பத்தின் முன்தான் வந்து நிற்பார்கள்.

தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவரை அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை. இந்த விதி இப்படியே நீடித்தால் அந்த ஊரிலிருந்துகூட அடுத்த தலைமுறை படைக்குப் போகாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தந்தை அல்லது தாயின் படைப்பணி காரணமாக வெளிமாநிலத்தில் படித்த ஆண்டுகள், படைப்பிரிவின் சான்று இருந்தால், அரசுப் பள்ளி ஆண்டுகளாகவே கொள்ளப்படும் என்று 2020 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். அதே வரியைப் புதுமைப் பெண் திட்டத்தின் அரசாணையிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் அரசாணையிலும் எழுத வேண்டும். வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இதைச் செய்யலாம். எந்தக் கட்சியும் எதிர்த்து வாக்களிக்காது.