வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும்?



"வெளிச்சம் பிடிச்சே புற்றுநோயை மாத்துகினமாம். பிறகேன் பிள்ளை நான் வெட்டுக்குப் போவான்?" மார்பில் கட்டியுள்ள ஓர் அம்மா அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார். கனடாவிலுள்ள உறவினர் தொலைபேசியில் சொன்னாராம். அந்தக் கட்டியைப் பழைய செல் துண்டு என்று நினைத்து நெடுநாள் பேசாமல் இருந்தவர் அவர். இப்போது சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போட யோசிக்கிறார். உறவினர் சொன்னது பொய்யல்ல, பாதிக் கதை.

வெளிச்சம் தனியே புற்றுநோயைக் கொல்லாது. ஜேர்மனியின் மியூனிச் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர் நுண்ணுயிர்களைச் சாயம் கலந்த நீரில் விட்டுப் பார்த்தார். சில வேளை அவை விரைவாகச் செத்தன, சில வேளை நெடுநேரம் உயிரோடிருந்தன. சாயம் அதேதான், வெளிச்சம்தான் கூடிக் குறைந்திருந்தது. 1900இல் இதனை வெளியிட்டார். 1903இல் அவருடைய பேராசிரியர் தப்பைனரும் ஒரு தோல் வைத்தியரும் தோல் புற்றுநோயில் சாயம் பூசி வெளிச்சம் காட்டினார்கள். பின்னர் 1970களில் அமெரிக்காவில் தோமஸ் டொகேர்ட்டி இதனை முறையான சிகிச்சையாக வளர்த்தார். போட்டோபிரின் என்ற மருந்துக்கு 1993இல் முதலில் அனுமதி கொடுத்த நாடு கனடாதான். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு.

மருந்தை ஊசி மூலம் ஏற்றி ஏறக்குறைய இரண்டு நாள் விடுவார்கள். நல்ல கலங்கள் பெரும்பாலும் மருந்தைக் கழித்துவிடும். புற்றுக் கலங்களில் அது கூடுதலாகத் தங்கும். பிறகு மெல்லிய கண்ணாடி இழை வழியாகச் சிவப்பு லேசர் ஒளியை அந்த இடத்தில் பாய்ச்சுவார்கள். மருந்து ஒளியின் சக்தியை வாங்கி, பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. நாம் மூச்சுவிடும் அதே ஒட்சிசன் அப்போது மூர்க்கமாகிக் கண்டதையெல்லாம் தாக்கும். அதன் ஆயுள் மிக மிகக் குறைவு, ஒரு கலத்தின் அகலத்தைக்கூடத் தாண்டாது. அதனால் மருந்து இருக்கும் இடத்தில்தான் அழிவு. கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இழைமணிகள் சிதைந்ததும், கலம் தன்னைத் தானே துண்டாக்கி அழிக்கத் தொடங்கும். எந்தக் கலத்துக்குள்ளும் இந்தச் சாகும் வழி உண்டு. புற்றுக் கலம் அதனை அடக்கி வைத்துக்கொண்டு பெருகுகிறது. கட்டிக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களும் அடைபடும்.

சிவப்பு ஒளி ஏன்? இடம்பெயர்ந்த இரவுகளில் வெளியே தெரியாமல் டோர்ச்சை உள்ளங்கையால் பொத்தியவர்களுக்கு விளங்கும். விரல்கள் சிவப்பாக ஒளிர்ந்தன அல்லவா? மற்ற நிறங்களை இரத்தமும் சதையும் விழுங்கிவிடுகின்றன, சிவப்புத்தான் கொஞ்சம் உள்ளே போகிறது. அதுவும் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்வரை. ஆகவே தோல், உணவுக்குழாயின் உட்புறம், மூச்சுக்குழாய் போன்ற, ஒளி எட்டக்கூடிய இடங்களுக்கே இது பொருந்தும். மார்புக்குள் வளர்ந்த கட்டிக்கும், உடலில் பரவிய கலங்களுக்கும் இந்த ஒளி போய்ச் சேராது. அந்த அம்மாவுக்கு நான் சொன்னதும் இதுதான்: திகதியைத் தள்ளாதீர்கள், அன்ரி.

வெயில் காய்ந்தால் கட்டி கரையும் என்று யாரும் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மருந்து இல்லாத வெளிச்சம் வெறும் வெளிச்சம். மருந்து ஏற்றியவருக்கோ வெயில் ஆபத்து. 1912இல் மேயர் பெற்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர் இத்தகைய மருந்தொன்றைத் தனக்கே ஏற்றி வெயிலில் நின்று, முகமும் கையும் வீங்கிக் கிடந்தார். போட்டோபிரின் எடுத்தவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலில் படக்கூடாது. தோட்டத்துக்கும் கிணற்றடிக்கும் போய்வரும் எங்களுக்கு அது லேசான காரியமா?

மார்பில் கட்டியோ, தோல் சுருங்கலோ, முலைக்காம்பில் இரத்தமோ கண்டால், செல் துண்டு என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், காசு இல்லை. தனியே போகக் கூச்சமென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.