முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆய்வில் சேரச் சொன்னால்? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

"உங்க அத்தைய முட்டி ஆபரேஷன் ஆராய்ச்சில சேரச் சொல்றாங்களாம். சேர்ந்தா சீக்கிரம் செஞ்சிருவாங்களா?" கோலா சுங்கை பாருவிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆய்வு எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. கையில் நான்கைந்து பக்கத் தாள் மட்டும் இருந்தது. அதுவும் மலாயில்.

அத்தை முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். குந்தி எழுந்து, மேடு பள்ளத்தில் வாளி சுமந்து நடந்த முட்டி அது. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இருப்பார்கள். எனவே இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

முதலில் நேரடி பதில்: வரிசையில் முந்திக்கொள்ளும் வழியாக ஆய்வை நினைக்கக் கூடாது. ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. உங்களுக்கு மிகச் சிறந்த சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது அதன் முதல் வேலை அல்ல.

எதைச் சோதிக்கிறார்கள்?

எல்லா முட்டி ஆய்வும் புது முட்டியைச் சோதிப்பதில்லை. சிலவற்றில் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மருந்து, சிலவற்றில் வலிக்கான ஊசி, சிலவற்றில் அறுவைக்குப் பிந்திய உடற்பயிற்சி. இவற்றுக்கும், எலும்புக்குள் பொருத்தும் செயற்கை மூட்டைச் சோதிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பல ஆய்வுகளில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. கணினி குலுக்கல் போட்டுப் பிரிக்கும். பிரிட்டனில் நடந்த 'டாப்காட்' ஆய்வில் 27 மருத்துவமனைகளில் 528 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு முழு முட்டி மாற்று, பாதிப் பேருக்குப் பகுதி மாற்று. ஐந்து ஆண்டு முடிவுகள் 2019இல் வெளியாயின. இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. பகுதி மாற்றுக்குச் செலவு குறைவு.

குலுக்கலில் நமக்கு வேண்டாதது விழுந்தால்? 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 100 பேரில் பாதிப் பேருக்கு அறுவையோடு 12 வாரப் பயிற்சி, மற்றவர்களுக்கு அறுவையின்றி அதே பயிற்சி. அறுவை செய்துகொண்டவர்களுக்கே அதிக முன்னேற்றம். ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களிடம்தான் அதிகம்: 24க்கு 6. அறுவையில்லாத குழுவின் 50 பேரில் 13 பேர், ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள். அதாவது கதவு மூடப்படவில்லை. நமக்குத் தரப்படும் ஆய்விலும் அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

'எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்'

இந்த வரி எல்லாத் தாளிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். சேர மறுத்தாலோ பாதியில் விலகினாலோ வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது அடிப்படை விதி.

ஆனால் மாத்திரை ஆய்வில் விலகினால் மாத்திரையை நிறுத்திவிடலாம். முட்டியை அப்படிக் கழற்றிக் கொடுக்க முடியுமா? விலகினாலும் உலோகமும் பிளாஸ்டிக்கும் காலுக்குள்தான் இருக்கும். ஆகவே செயற்கை மூட்டைச் சோதிக்கும் ஆய்வென்றால், அது மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தில் ஏற்கெனவே பதிவானதா, இல்லை ஆய்வுக்காக மட்டும் அனுமதி பெற்றதா? பழுதானால் மறு அறுவைக்கு யார் பணம் தருவார்கள்? காப்புறுதி எத்தனை ஆண்டுக்கு? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு நினைவிருக்கலாம். சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய பிறகுதான் அது நடந்தது. ஒழுங்கான ஆய்வும் நீண்ட காலக் கண்காணிப்பும் ஏன் தேவை என்பதற்கும் அதே சம்பவம்தான் சாட்சி. நான் ஆய்வுகளுக்கு எதிரி இல்லை.

யாரிடம் சரிபார்ப்பது?

சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகமான என்.எம்.ஆர்.ஆரில் பதிவாகி, எம்.ஆர்.இ.சி. எனப்படும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தானே.

மொழிதான் பெரிய சிக்கல். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் முழு விளக்கத்தின்போதும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். தோட்டத்தில் கிராணி காட்டிய இடத்தில் கைரேகை வைத்துப் பழகிய தலைமுறைக்கு இது சிறிய விஷயமல்ல. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

அடுத்தது பணம். அரசாங்க மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் குறைவுதான் என்றாலும், செயற்கை மூட்டின் விலையைப் பல வேளைகளில் நோயாளியே தேட வேண்டியிருக்கிறது. அதனால் ஆய்வில் 'இலவசம்' என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் காதில் விழுவதில்லை. வசதி குறைந்தவர்களுக்கு சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியான தாபோங் பந்துவான் பெருபாத்தான் இருக்கிறது. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் அதைப் பற்றி விசாரித்துவிட்டு, பிறகு ஆய்வைப் பற்றி யோசிக்கலாம்.

போக்குவரத்தும் உண்டு. கோலா சுங்கை பாருவிலிருந்து மஸ்ஜிட் தானா, சுங்கை ஊடாங் வழியாக மலாக்கா நகருக்குப் போய்வர அரை நாள் போய்விடும். ஆய்வில் சேர்ந்தால் கூடுதல் பரிசோதனைகள், கூடுதல் எக்ஸ்ரே, சில வேளை ஆண்டுக்கணக்கில். பயணச் செலவு தருவார்களா, கூட்டிப்போகும் பிள்ளைக்கு லீவு கிடைக்குமா?

அத்தை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தாளை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்; அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் போய்த் தமிழில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான், அந்தத் தாளில் பதில் இருக்கிறதா என்று தேடப் போகிறேன்: "ஆராய்ச்சி முடிஞ்ச பெறகு என் முட்டிய யாரு பாப்பா?"