கொடுத்து உயர்ந்த வல்லரசு

ஒரு நாட்டை வல்லரசாக்குவது எது என்று கேட்டால், படைபலமும் பணபலமும் என்று உடனே சொல்லிவிடுகிறோம். அவை இரண்டும் இருந்தும், முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவால் உலகை வழிநடத்த முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முடிந்தது. இடையில் அதன் பலம் கூடியது உண்மைதான். ஆனால், அதைவிடப் பெரிய மாற்றம் அதன் வெளியுறவுக் கொள்கையில் நிகழ்ந்தது.

1918-இல் போர் ஓய்ந்தபோது பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவின் கடனாளிகள். எனினும், அதிபர் வில்சன் முன்னின்று உருவாக்கிய பன்னாட்டு சங்கத்தில் சேர அமெரிக்க செனட் மறுத்தது. தோழமை நாடுகளிடம் போர்க் கடனை அமெரிக்கா கறாராகக் கேட்டது. அந்த நாடுகள் ஜெர்மனியிடம் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு கேட்டன. 1930-இல் இறக்குமதி வரியையும் உயர்த்தி, கடன்பட்டவர்கள் பொருளை விற்றுக் கடனை அடைக்கும் வழியையும் அமெரிக்கா குறுக்கியது. வறுமையும் வன்மமும் மண்டிய ஜெர்மனியில் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா மறக்கவில்லை. அடுத்த போர் முடியும் முன்பே, 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகளைக் கூட்டியது. பன்னாட்டு நிதியம், உலக வங்கி ஆகியவற்றுக்கு அங்கே வித்திடப்பட்டது. ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று நிர்ணயிக்கப்பட, உலக வணிகத்தின் அச்சாணியானது டாலர்.

1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஆற்றிய சிற்றுரை அடுத்த படி. அதிலிருந்து பிறந்த திட்டத்தின்கீழ் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்குச் சுமார் 1,300 கோடி டாலர் சென்றது. அதில் பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். நேற்றுவரை எதிரியாக இருந்த ஜெர்மனியின் மேற்குப் பகுதிக்கும் பங்கு உண்டு. என்ன தேவை என்பதை ஐரோப்பிய நாடுகளே கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்றது அமெரிக்கா. பெறுபவரின் தன்மானம் காக்கப்பட்டது. அந்தப் பணத்தில் அமெரிக்கக் கோதுமையும் இயந்திரங்களும் வாங்கப்பட்டதால், கொடுத்தவருக்கும் ஆதாயம் கிடைத்தது.

அப்போது அதிபர் ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர். காங்கிரஸ் குடியரசுக் கட்சியின் கையில். ஆயினும், குடியரசுக் கட்சி செனட்டர் வாண்டன்பெர்க் துணைநின்று திட்டத்தை நிறைவேற்றித் தந்தார். நாட்டின் நலனைக் கட்சிக் கணக்குக்கு மேலாக வைத்த அந்தப் பக்குவம் போற்றத்தக்கது.

சோவியத் ஒன்றியம் எதிர்த்திசையில் சென்றது. திட்டத்தில் சேர விரும்பிய செக்கோஸ்லோவாகியாவைத் தடுத்தது. தன் வசமிருந்த கிழக்கு ஜெர்மனியின் ஆலை இயந்திரங்களைப் பெயர்த்துச் சென்றது. தன் அணியைக் கட்டிக்காக்க 1956-இல் ஹங்கேரிக்கும், 1968-இல் செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகாவுக்கும் பீரங்கி வண்டிகளை அனுப்ப நேர்ந்தது. 1991-இல் அந்த அணியின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் கலைந்தது. அமெரிக்கா தலைமையில் 1949-இல் 12 நாடுகளோடு தொடங்கிய நேட்டோ கூட்டணியிலோ இன்று 32 நாடுகள்.

அதே அமெரிக்கா 2003-இல் ஐ.நா.வின் ஒப்புதலின்றி இராக்குக்குள் நுழைந்தபோது, பிரான்ஸும் ஜெர்மனியுமே எதிர்த்தன. பல்லாண்டுகள் சேர்த்த நம்பிக்கை கரைய ஒரு பிழையான முடிவு போதும்.

இந்தியாவும் இதைச் சிந்திக்க வேண்டும். 2022-இல் இலங்கை எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்தபோது, சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா உதவியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசின் அரிசியும் பால் மாவும் மருந்தும் கப்பலேறின. நெருக்கடியில் காட்டிய அந்தப் பரிவு, நெருக்கடி இல்லாத நாள்களிலும் கொள்கையாகத் தொடர வேண்டும். அண்டை வீட்டில் அடுப்பெரிவதும் நம் பாதுகாப்புதான் என்று எல்லாக் கட்சிகளும் ஏற்கும் நாளில், நம் தலைமையைப் பிறர் தாமாகவே ஏற்பார்கள்.