முனி எங்கே போனான்?

ஏனாத்தூரில் எங்கள் தெருவில் பேய்ப்படத்தை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. டிவியில் ‘காஞ்சனா’ போட்டால் நாலு வூட்டுப் பசங்க ஒரே வூட்டில் அடைவார்கள். ராகவா லாரன்ஸ் பயந்துபோய் கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறினால் சிரிப்பு கூரையைப் பிய்க்கும். நானும் சிரித்தவன்தான். சிரிப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அப்படி ஒரு ராத்திரி அக்கா மகன் கேட்டான். “மாமா, இத்தன பாகம் வந்துச்சே, எது நல்லா இருக்கு?” “மொத ரெண்டுதான்டா” என்றேன். “போ மாமா, மூணாவது காஞ்சனாவுலதான் பேய் செமயா சண்ட போடுது” என்றான். அத்தனை சத்தத்தில் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

2007-ல் ‘முனி’ வந்தது. அதில் பேய் யார்? ராஜ்கிரண் நடித்த முனியாண்டி. குடிசைவாசி. தன் ஜனத்துக்குக் குடியிருக்க இடம் கிடைக்கும் என்று ஓர் அரசியல்வாதியின் வாக்கை நம்பி ஓட்டுக் கேட்டவன். ஜெயித்தவன் அவனைக் கொன்றான். சொந்த ஜனமே அவனைத் துரோகி என்று நினைத்தது. அவன் பேயாக வந்தது பழிவாங்க மட்டுமில்லை, தன் பேரின் மேல் விழுந்த கறையைத் துடைக்கவும்தான். படம் அவன் சாதியைச் சொல்லாது. ஆனால் மனையில்லாதவன் எந்தத் தெருக்காரன் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2011-ல் இரண்டாம் பாகம், ‘காஞ்சனா’. பசங்க கிரிக்கெட் ஆட ஒரு காலி மனைக்குப் போகிறார்கள். ஸ்டம்பு இறங்கிய மண்ணுக்கடியில் பிணம். சரத்குமார் நடித்த திருநங்கை காஞ்சனா, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலம் அது. எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொண்டான், கொன்றும் போட்டான். கடைசியில் வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிகிறான். பேய் உள்ளே வர முடியாதாம்! வாசலில் நின்று காஞ்சனா சாமியிடமே நியாயம் கேட்கிறாள். வழி திறக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு அது வெறும் கிளைமாக்ஸா?

ஒரு கதைக்கு மறுபடி உயிர் கொடுப்பது என்றால் இதுதான். பழைய சிரிப்பு இருந்தது, பழைய பயம் இருந்தது. அதோடு செத்தவருக்குப் புதுசாய் ஒரு வழக்கும் இருந்தது. சரத்குமாருக்குப் பதில் ஒரு திருநங்கையே நடித்திருக்கலாமே என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், அது நல்ல இரண்டாம் பாகம்.

பிறகு என்ன ஆச்சு? 2015-ல் ‘காஞ்சனா 2’. 2019-ல் ‘காஞ்சனா 3’. முதல் இரண்டு படத்திலும் பேய் வேறு ஆள், கதாநாயகன் வேறு ஆள். பயந்தாங்கொள்ளி ஒருத்தன் தன் உடம்பைச் செத்தவருக்குக் கடன் கொடுத்தான். அடுத்த இரண்டில் அந்த ஏற்பாடு மாறிவிட்டது. மொட்டை சிவாவும் லாரன்ஸ், காளியும் லாரன்ஸ். அதாவது கதாநாயகனே கதாநாயகனுக்குள் இறங்குகிறார்! செத்தவன் பேச இருந்த ஒரே வாயையும் கதாநாயகனே வாங்கிக்கொண்டார். காளி அனாதைப் பிள்ளைகளை வளர்த்தவன், நல்லவன்தான். ஆனால் முனியாண்டி தன் ஜனத்தில் ஒருத்தன். காளி ஜனத்துக்குக் கருணை காட்டுகிற நாயகன். இந்த வித்தியாசம் நமக்கு உறைக்க வேண்டாமா? நமக்காகப் பேச வந்தவர்கள் நம் இடத்தில் உட்கார்ந்துகொண்ட கதையை நாம் சினிமாவில் மட்டுமா பார்த்தோம்?

இதே காலத்தில் பேய் குடிசையை விட்டு அரண்மனைக்குக் குடிபோனது. சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ 2014-ல் தொடங்கி 2024-க்குள் நாலு பாகம். 2005-ல் வந்த ‘சந்திரமுகி’யில் பேய் கிடையாது, மனநோய்தான் என்று ரஜினி டாக்டராக வந்து விளக்கினார். 2023-ல் வந்த ‘சந்திரமுகி 2’ அந்தப் பகுத்தறிவையும் கைகழுவி, நிஜ ஆவியையே இறக்கிவிட்டது. இது முன்னேற்றமா? ராஜா வீட்டு ஆவிக்கு நாம் ஏன் டிக்கெட் எடுத்து அழ வேண்டும்?

“சினிமாவுக்குப் போறதே சிரிக்கத்தான், அங்க வந்தும் அரசியலா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். பேய்க்கதையில் அரசியலை நான் நுழைக்கவில்லை. அது அங்கேயேதான் கிடக்கிறது. எங்க ஆயா சொல்லும்: “நெறஞ்சி செத்தவன் பேயா வர்றதில்லடா. கொறையோட செத்தவந்தான் வருவான்.” மதுரைவீரனும் காத்தவராயனும் யார்? கொல்லப்பட்டுப் பிறகு சாமியானவர்கள். நம்முடைய பேய், நம்முடைய சாமி, எல்லாம் முடியாத வழக்குகள்தான்.

அந்த வழக்கு பெரும்பாலும் மண் வழக்கு. எங்கள் ஜில்லாவில் உத்திரமேரூர்க் கல்வெட்டை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்லைப் படித்துப் பாருங்கள். குடவோலையில் பேர் போட வரி கட்டுகிற கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும். முனியாண்டியின் பேர் அந்தக் குடத்தில் விழுமா? 1892-ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் யார் கையிலோ போனது. அதை மீட்கக் காரணையில் போராடியபோது, 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். குறையோடு செத்தவர்கள். இவர்கள் எந்தப் படத்தின் எந்தப் பாகத்தில் வருகிறார்கள்?

ஆகவே அடுத்த பாகம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு சொல். கிராபிக்ஸை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். அம்மா இடுப்பில் ஏறுங்கள், சிரிக்கிறோம். ஆனால் பேய் யார், எந்த மண்ணுக்காகச் செத்தது என்று முதலில் முடிவு பண்ணிவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். அதுக்கப்புறம் எங்க பசங்க தானா பயப்படுவாங்க.

மருமகனே, உனக்குப் பதில் இதுதான்டா. மூணாவது காஞ்சனாவில் சண்டை பெரிசு. முனியில் கேள்வி பெரிசு. அந்தக் கேள்விக்கு இன்னும் பட்டா வரவில்லை.