வாடகைக்காரர் சண்டையில் கட்டடச் சொந்தக்காரரின் கடமை

கடை நடத்திச் சேர்த்த பணத்தில் ஒரு மாடிக் கட்டடம் எழுப்பி, கீழே கடையும் மேலே வீடுமாக வாடகைக்குக் கொடுப்பது எமது வியாபாரிகள் பலர் செய்கின்ற முதலீடு. மாதம் பிறந்தால் வாடகை வருகிறது. கூடவே முறைப்பாடும் வருகிறது. அதில் முதலிடம் சத்தத்துக்குத்தான். கீழே வெல்டிங் வேலை, மேலே கைக்குழந்தை. ஒரு பக்கம் தையல் மெஷின்கள், மறுபக்கம் டியூஷன் வகுப்பு.

அப்போது எம்மில் அநேகர் சொல்வது, "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்க" என்பதாகும். இதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. யாருக்குப் பக்கத்தில் யாரை அமர்த்துவது என்று தீர்மானித்தவர்கள் நாம். இடையில் நாலரை அங்குலச் சுவரைக் கட்டியவர்களும் நாமே. இருவரிடமும் வாடகை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்பது நியாயமாகாது.

கூட வாடகை தருபவரின் பக்கம் சாய்வது அதைவிட மோசம். இறுதியில் எழும்பிப் போகிறவர், சத்தம் போடாமல் வாடகையைத் திகதிக்குத் தந்துகொண்டிருந்த நல்ல மனிதராகவே இருப்பார். அறை சில மாதம் பூட்டிக் கிடந்தால் நட்டம் எமக்குத்தான்.

முறைப்பாடு வந்தால், சத்தம் வருகின்ற அதே நேரத்தில் போய், முறைப்பட்டவரின் அறையில் இருந்து கேட்பது எனது வழக்கம். இரவுச் சத்தத்தைப் பகலில் போய் விசாரித்துப் பயனில்லை. பல தடவைகளில் காதில் விழுகின்ற சத்தத்தை விட, கொங்கிறீட் தட்டின் வழியாக வரும் அதிர்வே தொல்லையாக இருக்கிறது. மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்தால் பெருமளவு குறையும். அந்தச் செலவில் பாதியை நான் கொடுத்துவிடுவேன். காலி அறையை விட அது மலிவு.

சட்டமும் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர, நகர சபை எல்லைகளுக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் என அளவு விதித்தன. அவற்றின்படி இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. எமது கடைகளில் வியாபாரம் சூடு பிடிப்பதும் அப்போதுதான். ஆகவே பொலிசுக்குப் போனால் தன் பக்கமே வெல்லும் என்று எவரும் நினைக்கக் கூடாது. பேசியும் தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். கட்டணமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒப்பந்தத்தில் எழுதுவது. என்ன மெஷின், எத்தனை, எத்தனை மணி வரை என்பதைக் குறிப்பிட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, நடைபாதையிலும் படிக்கட்டின் கீழும் ஜெனரேட்டர் வைத்தவர்கள் உண்டு. சத்தம் ஒரு புறமிருக்க, அதன் புகை உயிருக்கே ஆபத்து. அது வைக்கும் இடத்தையும் எழுதிவிட வேண்டும். நோன்புப் பெருநாள், நத்தார், சித்திரைப் புத்தாண்டுக் காலங்களில் தையல்காரரிடம் இரவில் தைக்காதே என்பது உழைக்காதே என்பதற்குச் சமம். அந்த வாரங்களுக்குத் தனி நேரம் குறித்து, பக்கத்தவருக்கு முன்கூட்டியே அறிவிக்கும்படி எழுதினால் இருவருக்கும் பாதகமில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. எமது கட்டடங்களில் மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள். ஒரு மெஷினின் சத்தம் இரண்டு வாரம் கேட்பாரற்றுக் கிடந்தால், "இவங்கட ஆக்களே இப்படித்தான்" என்ற பேச்சு பிறந்துவிடும். மெஷினுக்கு ரப்பர் வைக்கலாம். அந்தப் பேச்சுக்கு எதை வைப்பது? ஆகவே முதல் முறைப்பாடு வந்த அன்றே கட்டடச் சொந்தக்காரர் படியேறிப் போக வேண்டும்.