வட்ட மீனும் வளர்ப்போர் கடனும்

அழகிய பொருளொன்றைக் கண்டதும் அதனை நம் வீட்டிற்குக் கொண்டுவர விழைதல் மனித இயல்பு. பொருளாயின் அதிற் குற்றமில்லை. உயிராயின், அதன் இயல்பறிந்த பின்னரே கைநீட்டல் வேண்டும். பிறந்தநாட் பரிசாக வாங்கிய மீன்கள் ஒரு வாரத்தில் மாண்டு மிதப்பதையும், காரணம் வினவும் பிள்ளைக்கு மறுமொழி கூறவியலாது பெற்றோர் தவிப்பதையும் நாம் பல இல்லங்களிற் கண்டுள்ளோம். ஆதலின் இவ்வாரம் டிஸ்கஸ் மீனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

விளையாட்டுப் போட்டிகளில் வீசப்படும் பரிதிவட்டத்தைப் போன்று வட்டமாயும் தட்டையாயும் இருத்தலின் இம்மீன் இப்பெயர் பெற்றது. இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகையாகும். 1840ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் யோகான் யாக்கோப் ஹெக்கெல் இதனை விஞ்ஞான முறைப்படி முதன்முதல் விவரித்தார். உதிர்ந்த இலைகள் ஊறுதலால் வெறுந்தேநீரின் நிறங்கொண்டு, மெல்ல ஓடும் கிளையாறுகளில் இது கூட்டமாய் வாழ்கின்றது. அந்நீர் வெதுவெதுப்பானது, அமிலத்தன்மை உடையது, கரைந்த உப்புக்கள் மிகக் குறைந்த மென்னீர்.

வீட்டுத் தொட்டியிலும் இவ்வியல்புகளை இயன்றவரை அமைத்தல் வேண்டும். ஐந்தாறு மீன்களுக்கு 250 லீற்றர் நீராவது தேவை. வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியசு வரை இருத்தல் நன்று. மலைநாட்டு இல்லங்களில் வெப்பமூட்டி இன்றியமையாதது. சுண்ணாம்புக் கற்பாறையினின்று ஊறும் யாழ்ப்பாணக் கிணற்று நீர் வன்னீராதலால், தூய மழைநீரைக் கலந்து மென்மையாக்கலாம். குழாய் நீராயின் குளோரினை அகற்றிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா மீனுக்கே நஞ்சாகும். சிலவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதுவரை வடிகட்டியை இயக்கி, சிறிதளவு மீனுணவு இட்டு, மீனின்றியே காத்திருத்தல் வேண்டும். வாங்கிய அன்றே மீனை இடுவதனாலேயே பெரும்பாலான இழப்புக்கள் நேர்கின்றன. பின்னரும் வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றுதல் அவசியம்.

இம்மீனின் பெற்றோர்க் கடமை வியத்தற்குரியது. முட்டையினின்று வெளிவந்து நீந்தத் தொடங்கும் குஞ்சுகள், தாய் தந்தை இருவரின் உடலிலும் ஒட்டிநின்று, தோலிற் சுரக்கும் சீதத்தை உண்டு வளர்கின்றன. ஒருவர் களைப்புற்றால் மற்றவர் குஞ்சுகளை ஏற்றுக்கொள்கின்றார். முட்டையிடுங் காலத்தில் அச்சீதத்திற் புரதமும் நோயெதிர்ப்புப் பொருள்களும் மிகுதலை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மூன்றாம் வாரமளவிற் பெற்றோர் சிறிது சிறிதாக விலகி நீந்தி, குஞ்சுகள் தாமே இரை தேடப் பழக்குகின்றன. நமது பால்மறக்கச் செய்யும் வழக்கத்தை இஃது ஒத்திருத்தல் காண்க.

ஆற்றுமீன் நீர் கெட்டால் வேறிடம் செல்லும். தொட்டி மீனுக்குப் போக்கிடமில்லை. அதற்கு ஆறும் மழையும் நாமே. வெறுந்தொட்டியை ஒரு மாதம் பார்த்திருக்கும் பொறுமையைப் பிள்ளைகளுக்கு முதலிற் பழக்குவோம். மீனை அதன்பின் வாங்கலாம்.