கழியின் பெயர் கொண்ட நகரில் கண்ணிக்கு ஒரு சொல்

கொல்கத்தாவின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவோர் காளிகாத்தா, கோபிந்தபூர், சுத்தானுட்டி என்னும் மூன்று சிற்றூர்களைத் தவறாமல் குறிப்பிடுவர். 1690 ஆகஸ்ட் 24 அன்று ஜாப் சார்னாக் வந்து இறங்கியது சுத்தானுட்டியில். 1698இல் கும்பினியார் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து 1300 ரூபாய்க்கு இம்மூன்று ஊர்களின் உரிமையைப் பெற்றனர். சார்னாக்கை நகரின் நிறுவனராகக் கொள்ளலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்ததையும் பலர் அறிவர். ஊர்ப்பெயரின் பொருளை நின்று கவனிப்பவர்தாம் குறைவு. வங்காளத்தில் ‘சுத்தா’ என்றால் நூல். ‘நுட்டி’ என்றால் கழி, நம் நெசவாளர் வழக்கில் சிட்டம். சேட், பசாக் என்னும் வணிகக் குடியினர் நடத்திவந்த நூல், துணிச் சந்தையால் வந்த பெயர் என்பர். அச்சந்தையின் வணிகமே பிற்காலத்தில் படாபஜாராக விரிந்தது.

நூற்கழியின் பெயரோடு தொடங்கிய இந்நகரில் மொழியியல் பயிலும் நான், நூல் சார்ந்த சொற்களுக்கு நம் துறை தந்திருக்கும் இடத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதற்குக் காரணமாக அமைந்தது சென்ற மார்கழித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. பின்னல் தெரிந்தவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்களுமாக ஐந்து பெண்கள் நாள் முழுவதும் நூல்கடைகளைச் சுற்றினோம். மூவர் ஆய்வு மாணவியர். ஒருவர் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். ஐந்தாமவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வங்காள அம்மையார். அவரை நாங்கள் ‘மாஷி’ என்று அழைப்போம்; அம்மாவின் அக்காள், தங்கை இருவருக்கும் உரிய சொல். மகாத்மா காந்தி சாலை மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் படாபஜார், பிறகு எஸ்பிளனேடில் 1874இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட், மாலையில் கடியாஹாட் என்பது மாஷி வகுத்த வழி. இடையில் லேக் மார்க்கெட்டில் காபி என்பது நான் சேர்த்தது. வாழையிலையும் மல்லிகைச்சரமும் விற்கும் அத்தெருவில் தமிழ் கேட்காமல் நான் ஒரு மாதத்தைக் கடத்தியதில்லை.

படாபஜாரில் நாங்கள் சென்ற கடை மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பில் அமர வேண்டும். சுவர் முழுவதும் நிறநிறமாக நூல் பொட்டலங்கள். கடைக்காரர் எதைக் காட்டினாலும் ‘உல்’ என்றார். ஆங்கிலத்தின் ‘வுல்’ வங்காளத்தில் ‘உல்’ ஆனது. தமிழிலும் நாம் ‘உல்லன்’ என்றே சொல்கிறோம். ‘உ’கரத்துக்கு முன் வரும் அந்த இதழ்மெய்யை இரு மொழிகளும் விழுங்கிவிடுகின்றன. சென்னையில் ‘உட்லண்ட்ஸ்’ என்று பெயர்ப்பலகை எழுதியவர் இந்த விதியைப் படித்துவிட்டு எழுதவில்லை. முதலாண்டு ஒலியனியல் வகுப்பில் இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஒலியைவிடப் பொருள் சுவையானது. கடையில் ‘உல்’ என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதிக்கு ஆட்டோடு எந்த உறவும் இல்லை. லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் இழை அது. ‘காஷ்மிலன்’ என்ற சொல்லை மாஷி பொதுப்பெயராக வழங்கினார். அது ஜப்பானின் அசாஹி நிறுவனம் தன் அக்ரிலிக் இழைக்கு இட்ட வணிகப்பெயர். பருத்தி நூலைக் கேட்டபோது கடைக்காரர் எடுத்துத் தந்தது ‘காட்டன் உல்’. ஆக, இக்கடையில் ‘உல்’ என்பதற்குக் கையால் பின்னுவதற்குரிய தடித்த, மென்மையான எந்த நூலும் பொருளாகும். மூலப்பொருளைச் சுட்டிய சொல் பயன்பாட்டைச் சுட்டும் சொல்லாக நகர்ந்துவிட்டது. எங்கள் குழுவில் ஒருத்திக்கு இதில் சினம். ஆட்டுமயிர் இல்லாததை உல் என்று விற்பது ஏமாற்று என்றாள். உறையின் மேல் அச்சிட்டு விற்கும் நிறுவனத்தைக் குறித்து அவள் சொல்வது சரி. பேசுபவரைக் குறித்து அது பொருந்தாது. கடைக்காரரும் மாஷியும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளவில்லை. இருவருக்கும் அச்சொல்லின் இன்றைய பொருள் தெரியும்.

எண்களும் அப்படித்தான். கொல்கத்தாக் கடைகளில் பின்னல் ஊசிக்குப் பழைய பிரித்தானிய எண்ணே இன்னும் வழங்குகிறது: 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25, 12ஆம் எண் 2.75. எண் ஏற ஏற ஊசி மெலியும். இணையத்தில் கற்றுக்கொண்ட இளையவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றியது. கைத்தறி ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தோன்றாது. 60ஆம் நம்பர் நூலைவிட 80ஆம் நம்பர் நூல் மெலிது என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த எண்ணின் கணக்கு என்ன? ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள கழிகள் எத்தனை அடங்கும் என்பதே. கழி அதிகமானால் நூல் மெலிது. சுத்தானுட்டியின் ‘நுட்டி’ ஊர்ப்பெயராகி, அவ்வூர் நகருக்குள் கரைந்தது. கழி என்னும் அலகோ உலகெங்கும் நூலின் தரத்தைச் சொல்லும் எண்ணுக்குள் இன்றும் ஒளிந்திருக்கிறது. (கழிக்குக் கடைக்காரர் சொன்ன சொல் ‘லாச்சி’. ‘நுட்டி’ என்று நான் சொன்னபோது சிரித்தார். பாட்டி சொல்லும் சொல்லாம்.)

நான் எழுத வந்த செய்தி நியூ மார்க்கெட்டில் நடந்த ஓர் உரையாடலில் இருக்கிறது. ஒரு குழந்தைச் சட்டையின் விளிம்பை எப்படித் தொடங்குவது என்று மாஷிக்கும் கடையிலிருந்த முதியவருக்கும் இடையே கருத்து வேறுபாடு. கால் மணி நேரம் பேசினார்கள். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்கூட இடையில் வரவில்லை, ‘உல்’ நீங்கலாக. ஊசிக்குக் ‘காண்ட்டா’, அதாவது முள். குரோஷா கொக்கிக்குக் ‘குருஷ் காண்ட்டா’. ஊசியில் விழும் ஒவ்வொரு கண்ணிக்கும் ‘கொர்’. கொர் என்றால் வீடு, அறை. சதுரங்கப் பலகையின் கட்டமும் கொர்தான். பின்னலைத் தொடங்குவது ‘கொர் தோலா’, வீடு எடுப்பது. முடிப்பது ‘கொர் பந்தோ’, வீட்டை மூடுவது. இரு அடிப்படைக் கண்ணிகளுக்குப் பெயர் ‘ஷோஜா’, ‘உல்ட்டோ’: நேர், தலைகீழ்.

இந்தக் கடைசி இணையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஆங்கிலம் இவ்விரண்டையும் ‘நிட்’, ‘பர்ல்’ என்று உறவற்ற இரு சொற்களால் குறிக்கிறது. உண்மையில் இவை ஒரே கண்ணியின் இரு முகங்கள். துணியைத் திருப்பினால் நேர்க்கண்ணி மறுகண்ணியாகத் தெரியும். வங்காளப் பெண்களின் வழக்கு இந்த உண்மையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. தொடக்கநிலையில் இருக்கும் எங்கள் தோழி, பல மாதங்களாக இரண்டையும் இரு வேறு அசைவுகளாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், ‘ஷோஜா–உல்ட்டோ’ என்று மாஷி துணியைத் திருப்பிக் காட்டியதும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டாள். நல்ல கலைச்சொல் கற்பித்தலில் பாதி வேலையைச் செய்துவிடும் என்று நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

இச்சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. இவற்றைத் தொகுப்பதை ஆய்வாக ஏற்பதற்கும் நம்மிடையே தயக்கம் உண்டு. இப்படியொரு தலைப்பை நான் முன்மொழிந்தபோது, ‘வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்குச் சொற்களில் என்ன மொழியியல் இருக்கிறது’ என்று ஒரு மூத்தவர் கேட்டார். இதற்கு முன்மாதிரியே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கிரியர்சன் தம் ‘பீகார் உழவர் வாழ்க்கை’யை 1885இல் இதே கல்கத்தாவில்தான் வெளியிட்டார். ஏர், வண்டி, தறி, செக்கு என ஒவ்வொரு கருவியின் உறுப்புகளுக்கும் ஊர் மக்கள் சொல்லும் பெயர்களைப் படங்களோடு தொகுத்த நூல் அது. இந்திய மொழியியல் ஆய்வளக்கை என்னும் பெரும்பணியை அதன் பிறகே அவர் ஏற்றார். தமிழில் கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். இரண்டையும் செய்தவர்கள் படைப்பாளிகள் என்பதை நாம் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாடு வெப்ப நாடு, பின்னலே இல்லாதபோது பின்னற் சொல் எங்கிருந்து வரும் என்பது அடுத்து வரும் கேள்வி. திருப்பூரை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பது வியப்பு. இந்தியாவின் இயந்திரப் பின்னலாடைத் தொழில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது கல்கத்தாவில். திருப்பூர் பிந்தி வந்து முந்திக்கொண்டது. அங்கே ‘கைமடி’ என்றொரு வேலை உண்டு, ‘ஓவர்லாக்’, ‘பேட்லாக்’ உண்டு. தொழிலாளர் நாவில் தேய்ந்து தமிழான சொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கைப்பின்னலுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் இருக்கின்றன, கடலுக்கு அப்பால் நுவரெலியா இருக்கிறது. குன்னூரில் வாழ்ந்த என் பெரியம்மா கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு ‘ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே’ என்று முணுமுணுப்பது வழக்கம். உள்ளே, வெளியே: இதுவும் திசையால் அமைந்த இணையே. வங்காளத்தின் நேர், தலைகீழிலிருந்து வேறுபட்ட கோணம். ஆனால் அதே புரிதல்.

கையால் செய்யும் பிற வேலைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் வயர்க்கூடை நம் வீடுகளுக்குள் வந்து சில தலைமுறைகள்தாம் ஆகின்றன. அதற்குள் ‘சிவன் கண்’, ‘நெல்லிக்காய்’, ‘பிஸ்கட்’ என்று முடிச்சுகளுக்குப் பெண்கள் பெயர் சூட்டிவிட்டனர். சடையில் நான்கு கால் பின்னல், ஐந்து கால் பின்னல் என்று இழையைக் ‘கால்’ என்கிறோம். கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி, சிக்கு. தையற்கடையில் துணிக்கு ‘நல்ல பக்கம்’. வினைகளிலோ தமிழ் செல்வந்தன்: வங்காளத்தில் ‘போனா’ என்னும் ஒரே வினை நெசவுக்கும் பின்னலுக்கும் பொது, விதைப்பதற்கும் அதே வடிவம், தமிழில் துணியை நெய்கிறோம், சடையைப் பின்னுகிறோம், ஓலையை முடைகிறோம், மணியைக் கோக்கிறோம், பூவைத் தொடுக்கிறோம். இத்தனை வளம் இருக்க, கைப்பின்னல் கற்பிக்க முற்படும் தமிழ்க் காணொளிகளில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளே உருண்டோடுகின்றன. கண்ணி என்ற சொல்லைக்கூட எடுத்தாள ஆளில்லை. வலைக்கும் சங்கிலிக்கும் நாம் வழங்கும் சொல் அது.

பனுவல் என்பது நூற்ற பருத்திக்கும் எழுதிய நூலுக்கும் பொதுச்சொல் என்பதையும், நூலியற்றுவதை நூல் நூற்றலாகக் காட்டும் நன்னூலின் உருவகத்தையும் தமிழ் ஆய்வரங்குகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அவ்வுருவகத்தில் புலவன் நூற்கும் பெண்ணாகிறான், வாய் கையாகிறது, மதி கதிராகிறது. உவமைக்கு அவளை அழைத்துக்கொண்ட நாம், அவள் தன் கருவிகளை எப்படி அழைத்தாள் என்று கேட்டு எழுதிவைத்தோமா? தறியின் சொற்களான பாவும் ஊடையும் விழுதும் அச்சும் ஓரளவு பதிவாகியிருக்கின்றன. அது கூலி பெறும் தொழில், குடியின் தொழில், ஆண்கள் அமர்ந்த தொழில். மடியில் நடந்த வேலைக்கு அந்த மதிப்பு கிட்டவில்லை. சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) ஒரு பெண் கைக்குட்டையில் ஓர் எழுத்தைத் தைப்பதில் தொடங்குகிறது. திரைப்பட ஆய்வாளர்கள் அவ்வெழுத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். அத்தையலின் பெயர் என்னவென்று கேட்பவர் அரிது.

அவசரம் ஒன்றும் இதில் இருக்கிறது. கடியாஹாட்டில் மாலையில் நாங்கள் நுழைந்த கடையை அடுத்த ஆண்டு நடத்தப்போவதில்லை என்று உரிமையாளர் சொன்னார். குளிர்காலம் குறுகிவிட்டதாம்; வாங்குபவர்கள் வெலிங்டன் சதுக்கத்தில் பூட்டியா வணிகர்களிடம் ஆயத்த ஸ்வெட்டரை எடுத்துக்கொள்கிறார்களாம்; பின்னுபவர்களில் இளையோர் நூலை இணையத்தில் வரவழைக்கிறார்களாம். அவருடைய வருமானத்தை மீட்க மொழியியலால் ஆகாது. ஆனால் அக்கடையின் முன்மேசை ஒரு வகுப்பறையாகவும் இருந்தது. நூல் வாங்க வந்தவர் பாதியில் நின்றுபோன பின்னலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாத பெண் திருத்தித் தருவார். அப்போதுதான் கொர், ஷோஜா, உல்ட்டோ எல்லாம் வாய்மாறும். இணையவழி வாங்குபவருக்கு நூல் வந்துசேரும், இது வராது. எங்கள் இளைய தோழியர் மூவரும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயர்களோடு கடைக்காரர்முன் ஊமையராய் நின்றபோது, மாஷி இல்லையென்றால் நாங்கள் வெறும் நிறத்தைச் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. களப்பணிக்கு ஊர் தேடும் முதுகலை மாணவர்களே, ஒரு பருவம் ஒரு நூல்கடையில் அமருங்கள். பல்கலைக்கழகக் கலைச்சொற் குழுக்களில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களே, ‘நிட்’, ‘பர்ல்’ என்பவற்றுக்கு அகராதியைப் புரட்டி ஆளுக்கொரு சொல்லை ஆக்குமுன், பின்னுபவரை ஒரு முறை கேளுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, நுவரெலியாப் பக்கத்து நண்பர்கள் தங்கள் அம்மா, பெரியம்மா, அத்தை, பள்ளியில் தையல் வகுப்பு எடுத்த டீச்சர் ஆகியோரிடம் மூன்றே மூன்று சொற்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள்: ஊசியில் முதல் வரிசையை ஏற்றுவதற்கு என்ன சொல்வார்கள்? நழுவி விழுந்த கண்ணிக்கு என்ன பெயர்? சிறிதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, சுருண்ட நூலை நீராவியில் காட்டி நேராக்கி, அடுத்த பிள்ளைக்குப் பின்னுவார்களே, அந்தப் பழைய நூலுக்குத் தனிப்பெயர் உண்டா? ஊரையும் அவர்கள் பின்னக் கற்ற இடத்தையும் சேர்த்து எழுதினால் நலம். ஆங்கிலச் சொல்லையே சொன்னாலும் அவர்கள் ஒலிக்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.